சாவுக்குப் பிறகு வரும் சோதனை

2021 செப்டம்பரில் ஆரணியில் ஓர் அசைவ உணவகத்தில் சாப்பிட்ட 10 வயதுச் சிறுமி இறந்தாள். ஈராண்டு கழித்து, 2023 செப்டம்பரில், நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தாள். அதே கடையில் சாப்பிட்ட 40க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் கிடந்தார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில், 2022 மே மாதம், கேரளத்தின் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் 16 வயது மாணவி ஒருத்தி. அங்கேயும் ஷவர்மாதான். ஷிகெல்லா கிருமி என்று ஆய்வில் தெரிந்தது. அந்தக் கடைக்கு உரிமமே இல்லை என்பதும் அவள் இறந்த பிறகுதான் தெரிந்தது.

மூன்று இடங்களிலும் அடுத்து நடந்தது ஏறக்குறைய ஒன்றே. கடைக்குச் சீல், கைது, மாநிலம் முழுக்க அதிரடிச் சோதனை. கிலோ கணக்கில் கோழிக்கறியைப் பறிமுதல் செய்து, பினாயில் ஊற்றி, குழி தோண்டிப் புதைத்தார்கள். நாமக்கல்லில் மாவட்ட நிர்வாகம் ஷவர்மா, கிரில், தந்தூரி வகைகளுக்கே தற்காலிகத் தடை போட்டது. கொஞ்ச நாள் கடைகளில் கூட்டம் குறைந்தது. பிறகு எல்லாம் பழையபடி ஆனது.

சோதனை நடந்த அந்த ஒரு வாரத்தில் ஊர் ஊராகக் கெட்ட இறைச்சி சிக்கியதே, அது முந்தின வாரம் எங்கே இருந்தது? அங்கேயேதான் இருந்தது. முந்தின மாதமும் இருந்தது. அதைத் தேடிப் போக ஆள் இல்லை, போன ஆளிடம் கருவி இல்லை, கருவி இருந்த ஆளுக்குப் பயிற்சி இல்லை. ஒரு பிள்ளை செத்த பிறகு நடக்கும் சோதனையை நடவடிக்கை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது பரிகாரம். தோஷம் வந்த வீட்டில் ஹோமம் வளர்ப்பதற்கும் இதற்கும் உள்ள உறவு நெருக்கமானது. இரண்டுமே காரணத்தைத் தொடுவதில்லை, பார்த்துக்கொண்டிருப்பவர்களின் மனத்தைத்தான் ஆற்றுகின்றன.

காரணம் என்ன என்பது மர்மமும் இல்லை. ஷவர்மாக் கம்பியில் அடுக்கிய கோழிக்கறி வெளிப்பக்கத்திலிருந்து வேகிறது. கூட்டம் அதிகமானால் வேகமாகச் சீவுகிறார்கள். உள்ளடுக்கு வேகும் முன்பே கத்தி அதைத் தொட்டுவிடுகிறது. கூட்டம் குறைந்தால் அடுப்பைத் தணிக்கிறார்கள். உள்ளே இருக்கும் அரைவேக்காட்டுக் கறி வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் நிற்கிறது. 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட அந்த வெதுவெதுப்பில்தான் கிருமிகள் பெருகும். கோழியின் நடுப்பகுதி 74 டிகிரியை எட்டினால் சால்மொனெல்லா சாகும். எட்டியதா என்று பார்க்கச் செருகு வெப்பமானி ஒன்று போதும். நம் ஊர்க் கடைகளைப் பாருங்கள். வாசலில் ஆகாயக் கருடன் கிழங்கும் எலுமிச்சை மிளகாயும் தொங்கும், கல்லாவுக்கு மேல் சாமி படம் இருக்கும், அமாவாசைக்கு அமாவாசை பூசணிக்காய் உடையும். அடுப்படியில் வெப்பமானி இருக்காது. பச்சைக் கறி வெட்டிய கத்திக்கு ஆயுத பூஜையன்று குங்குமம் வைப்பார்கள். அதே கத்தியால்தான் மற்ற நாளெல்லாம் வெங்காயமும் கோசும் அரிவார்கள்.

"பழசா இருந்தாலும் நல்லா சூடு பண்ணிட்டா ஒண்ணும் ஆகாது" என்பது நம் வீடுகளில் சொல்லப்படும் பாதி உண்மை. கிருமி சாகும்; சில கிருமிகள் கக்கிவைத்த நஞ்சு சாகாது. கையில் சீழ்ப்புண் இருப்பவர் தொட்ட உணவில் வளரும் ஸ்டாஃபிலோகாக்கஸ், ஆறவிட்ட சோற்றில் வளரும் பேசில்லஸ் ஆகியவற்றின் நஞ்சு கொதிநிலையையும் தாங்கும். இதெல்லாம் நாக்குக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அதனால்தான் "நாமதான் பார்த்துச் சாப்பிடணும்" என்ற அறிவுரை எனக்குக் கோபம் தருகிறது. எதைப் பார்ப்பது? கண்ணுக்குத் தெரியாததைப் பார்க்கச் சொல்வது பொறுப்பைச் செத்தவர் தலையில் கட்டுவதாகும். "வெளியில் சாப்பிடாதே" என்பது அதைவிட மோசம். கோயம்பேட்டில் மூட்டை தூக்குபவர், திருப்பூரில் அறை எடுத்துத் தங்கும் வடமாநிலத் தொழிலாளி, விடுதி மாணவி, விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் பெண் ஆகியோருக்கு வெளிச்சாப்பாடு வாழ்க்கையின் ஒரு பகுதி. வீட்டில் சமையல்காரர் வைத்திருப்பவர்தான் இந்த அறிவுரையை வசதியாகச் சொல்ல முடியும்.

சோற்றைப் பற்றி நம்மைப்போல் கவலைப்பட்ட சமூகம் உலகத்தில் குறைவு. என்ன கவலை என்பதுதான் விஷயம். சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்ட சண்டை 1920களின் தமிழ்நாட்டையே உலுக்கியது. 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே வாசலில் பெயர்ப்பலகையிலிருந்த சாதியை எடுக்கச் சொல்லிப் பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து, நூற்றுக்கணக்கில் கைதானார்கள். சமைத்தவன் சாதியைச் சொன்னால் உணவு சுத்தம் என்று நம்பிய ஊர் இது. அந்த அடுப்படியில் எலி ஓடியதா, தண்ணீர்த் தொட்டியை எப்போது கழுவினார்கள் என்று பலகை சொல்லவில்லை. வாசலில் நின்று அதைக் கேட்ட வாடிக்கையாளரும் இல்லை.

அதெல்லாம் அந்தக் காலம் என்று நினைக்க வேண்டாம். 2023 செப்டம்பரில், நாமக்கல் சிறுமி இறந்த அதே மாதத்தில், பக்கத்து மாவட்டமான கரூரில் ஓர் அரசுப் பள்ளியில் காலை உணவு சமைப்பவர் தலித் பெண் என்பதற்காகச் சில பெற்றோர் தங்கள் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. மாவட்ட ஆட்சியரே நேரில் போய்ப் பேச வேண்டி வந்தது. இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒருபுறம், அரசு வகுத்த பட்டியல்படி, விடிகாலையில் சூடாகச் சமைத்து உடனே பரிமாறிய உணவு. அதைக் கண்டு பயந்தார்கள். மறுபுறம், எப்போது வெட்டியது, எங்கே வைத்தது என்று யாருக்கும் தெரியாத கறி. அதை வரிசையில் நின்று வாங்கினார்கள். யார் தொட்டது என்று கேட்கப் பழக்கப்பட்ட மூளை, எத்தனை டிகிரியில் இருந்தது என்று கேட்கப் பழகவில்லை. இந்தப் பழக்கமின்மைக்குப் பலியாவது குழந்தைகள்.

2024 செப்டம்பரில் திருப்பதி லட்டு நெய் விவகாரத்தில் நாடே கொதித்தது. என்ன கொழுப்பு, எந்த விலங்கு என்பதைச் சுற்றியே பேச்சு. கோயில்களில் பரிகாரப் பூசைகள் நடந்தன. அந்த ஆரவாரத்தில் ஒரு செய்தி அமுங்கிப் போயிற்று: நெய்யில் கலப்படத்தைக் கண்டறியும் ஆய்வு வசதி தங்களிடம் சொந்தமாக இல்லாமல் இருந்ததை தேவஸ்தான நிர்வாகமே சொன்னது. உலகத்தின் மிகப் பணக்காரக் கோயில்களில் ஒன்று அது. உண்டியல் எண்ண ஏற்பாடு இருந்தது, நெய்யைச் சோதிக்க ஏற்பாடு இல்லை. கோபப்பட வேண்டிய இடம் அதுதான். தீட்டு பட்டதா என்று தவித்தவர்கள், டேங்கர் லாரியில் வந்த நெய்யை யார் சோதித்தார் என்று கேட்கவில்லை.

இனி, அந்தச் சோதிக்க வேண்டிய ஆளிடம் வருவோம்.

கலப்படத்துக்கு எதிரான சட்டம் நமக்குப் புதிதன்று. சென்னை மாகாணம் 1918லேயே கலப்படத் தடுப்புச் சட்டம் இயற்றியது. விடுதலைக்குப் பின் 1954இல் இந்தியா முழுமைக்கும் ஒரு சட்டம். அதை எடுத்துவிட்டு, 2006இல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் வந்து, 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. நல்ல சட்டம், படித்துப் பார்த்துச் சொல்கிறேன். பாதுகாப்பற்ற உணவால் ஒருவர் இறந்தால் குறைந்தது 7 ஆண்டு, ஆயுள் வரை சிறை. 10 லட்சத்துக்குக் குறையாத அபராதம். இறந்தவர் குடும்பத்துக்குக் குறைந்தது 5 லட்சம் இழப்பீடு. இவ்வளவும் சாவுக்குப் பிறகு. சாவுக்கு முன்னால் வரவேண்டியவர் உணவுப் பாதுகாப்பு அலுவலர். அவரை நியமிப்பது பற்றி 37ஆம் பிரிவு பேசுகிறது. தகுதியுள்ளவர்களில் தக்கவர் என்று கருதுவோரை ஆணையர் நியமிக்க வேண்டும் என்கிறது. எத்தனை கடைக்கு ஓர் அலுவலர் என்று சொல்லவில்லை. ஆண்டுக்கு எத்தனை முறை ஒரு கடையைப் பார்த்தாக வேண்டும், அதற்குப் பணம் எந்தக் கணக்கிலிருந்து வர வேண்டும் என்றும் சட்டம் மாநிலத்தைக் கட்டிப்போடவில்லை. தரத்தை வகுப்பது டெல்லி. அமல்படுத்துவது மாநிலம். மாநிலத்துக்கு ஆயிரம் செலவு. ஆக, கடைசியில் கையில் ஒரு தோல்பையோடு நிற்பவர் ஊராட்சி ஒன்றியத்தில் இருக்கும் அந்த ஒற்றை மனிதர்.

அவர் நாளைக் கொஞ்சம் பாருங்கள். டீக்கடை, மெஸ், பிரியாணிக் கடை, பேக்கரி, கல்யாண மண்டபம், பால் சேகரிப்பு மையம், மீன் மார்க்கெட், குடிநீர் கேன் ஆலை, எண்ணெய்ச் செக்கு, வெல்ல ஆலை, மளிகைக் கடை, தள்ளுவண்டி எல்லாம் அவர் எல்லை. மாம்பழக் காலத்தில் கார்பைடு கல் தேட வேண்டும். 2013இலிருந்து தமிழ்நாட்டில் குட்காத் தடை உணவுப் பாதுகாப்பு ஆணையரின் ஆணையில்தான் நிற்கிறது. ஆகவே பெட்டிக்கடையில் குட்கா பிடிப்பதும் அவர் வேலை. பக்கத்து ஒன்றியத்தில் பணியிடம் காலியென்றால் அதுவும் கூடுதல் பொறுப்பாக இவர் தலையில் விழும்.

மாதிரி எடுப்பது என்றால் ஒரு பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போவதன்று. உரிய விலை கொடுத்து வாங்க வேண்டும். சாட்சி வைக்க வேண்டும். நான்கு பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மூடி, ஒட்டி, அரக்கு முத்திரை வைக்க வேண்டும். ஒரு பங்கு உணவுப் பகுப்பாய்வாளருக்கு, இரண்டு பங்கு மாவட்ட நியமன அலுவலருக்கு, கடைக்காரர் கேட்டால் நான்காவது பங்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்துக்கு. பாலென்றால் கெடாமலிருக்க ஃபார்மலின் சேர்க்க வேண்டும். கிருமி ஆய்வுக்கென்றால் ஃபார்மலின் கூடாது, ஐஸ் பெட்டியில் குளிர் குறையாமல் போய்ச் சேர வேண்டும். முத்திரையில் ஒரு பிசகு, படிவத்தில் ஒரு கையெழுத்து குறைவு என்றால் வழக்கு மாவட்ட வருவாய் அலுவலர் முன்னாலேயே படுத்துவிடும். சட்டம் பகுப்பாய்வாளருக்குக் கொடுத்திருக்கும் கால அவகாசம் 14 நாள். ஷவர்மா அன்றிரவே தின்று தீர்ந்துவிடும்.

ஒரு சின்ன எடுத்துக்காட்டு சொல்கிறேன். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் துருவச் சேர்மங்களின் மொத்த அளவு 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் இந்தியச் சட்டம். அருமையான விதி. அந்த 25ஐ வடைச் சட்டி பக்கத்தில் நின்று கண்ணால் அளக்க முடியாது. கையடக்கக் கருவி ஒன்று வேண்டும், அதை அவ்வப்போது சரிபார்க்கவும் வேண்டும். அலுவலரிடம் அது இல்லையென்றால் அவர் என்ன செய்வார்? எண்ணெயின் நிறத்தைப் பார்ப்பார், முகர்வார், "கருத்துப்போச்சு, ஊத்து கீழே" என்பார். கடைக்காரர் "நேத்துதான் சார் மாத்தினேன்" என்பார். இருவரில் யார் சொல்வது சரி என்று அறிவியலால் தீர்க்க வேண்டிய இடத்தில் அதிகாரம் தீர்க்கிறது, அல்லது ஐந்நூறு ரூபாய் தீர்க்கிறது. கருவி வாங்கப் பணம் ஒதுக்காத அரசுதான் அந்த இடத்தில் லஞ்சத்துக்கு வழி வெட்டிக் கொடுக்கிறது.

"அதிகாரிகளைக் கூட்டினால் மாமூல்தான் கூடும்" என்று பலர் சொல்கிறார்கள். மாமூல் எங்கே வளர்கிறது என்று அவர்கள் கேட்டுப் பார்க்க வேண்டும். அலுவலகத்துக்கு வண்டி கிடையாது; சோதனைக்குப் போக யாரிடமாவது வண்டி கேட்க வேண்டும். நகல் எடுக்கக் காசு கிடையாது. மாதிரியைச் சொந்தப் பணத்தில் வாங்கிவிட்டுப் பில் பாஸாகக் காத்திருக்க வேண்டும். இப்படி விடப்பட்டவர், தான் கண்காணிக்க வேண்டியவர்களையே அண்டிப் பிழைக்கத் தள்ளப்படுகிறார். எல்லா அலுவலரும் யோக்கியர் என்று நான் சொல்லவில்லை. அயோக்கியரைப் பிடிக்கவும் இதே வழிதான்: அளவு எழுத்தில் இருந்தால், கருவியின் எண் அறிக்கையில் இருந்தால், அறிக்கை மக்கள் பார்க்கக் கிடைத்தால், பேரம் பேச இடம் சுருங்கும். தேவையில்லாமல் தொல்லை கொடுக்கும் அலுவலருக்கு ஒரு லட்சம் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தின் 39ஆம் பிரிவு இடம் தருகிறது. அதை மெய்ப்பிக்கவும் அந்த எண்கள்தான் வேண்டும்.

ஆய்வுக்கூடம் பலவீனமாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மேகி வழக்கைவிட நல்ல பாடம் இல்லை. உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கியில், 2014 மார்ச்சில், உள்ளூர் உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஒரு கடையில் நூடுல்ஸ் பாக்கெட்டை மாதிரியாக எடுத்தார். பெரிய பன்னாட்டு நிறுவனத்தின் பண்டம் என்று தயங்காமல் எடுத்த அந்தக் கை பாராட்டுக்குரியது. மாதிரி கோரக்பூர் போய், கொல்கத்தா போய், அனுமதித்த அளவைவிடப் பல மடங்கு ஈயம் என்று அறிக்கை வந்து, 2015 ஜூன் 5இல் நாடு முழுக்கத் தடை வந்தது. ஆகஸ்ட் 13ஆம் தேதி பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. நிறுவனத்தின் பேச்சைக் கேட்காமல் தடை போட்டது ஒரு காரணம்; ஆய்வு செய்த கூடங்களுக்கு உரிய அங்கீகாரம் இல்லை என்பது இன்னொரு காரணம். அங்கீகாரமுள்ள மூன்று கூடங்களில் மறு ஆய்வு நடந்தது. ஈயம் அளவுக்குள் இருக்கிறது என்று முடிவு வந்தது. மாதிரி எடுத்த நாளிலிருந்து ஒன்றரை ஆண்டு கழித்தும், அந்த முதல் பாக்கெட்டில் ஈயம் இருந்ததா என்ற எளிய கேள்விக்கு எல்லாரும் ஒப்புக்கொள்ளும் விடை இந்தியக் குடிமக்களுக்குக் கிடைக்கவில்லை. நிறுவனம் குற்றமற்றதென்றால் அதற்கு அநீதி. குற்றம் இருந்ததென்றால் நமக்கு அநீதி. எந்த அநீதி நடந்தது என்று சொல்லத் தகுதியுள்ள ஆய்வுக்கூடம்கூட வழக்கின் தொடக்கத்தில் இல்லை.

அது ஒரு தனிக்கதை அன்று. 2017இல் வெளியான இந்தியக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை, மாநிலங்களின் மாதிரிகளைச் சோதித்த 72 உணவு ஆய்வுக்கூடங்களில் 65க்கு தேசிய அங்கீகாரம் இல்லை என்று எழுதியது. அதன் பிறகு மத்திய நிதியில் கருவிகள் வந்தன, நடமாடும் ஆய்வு வண்டிகள் வந்தன, நிலைமை முன்பைவிட மேல்தான். ஆனால் கருவி வாங்கித் திறப்பு விழா நடத்துவது சுலபம். கருவியை இயக்கும் வேதியியலாளருக்கு மாதாமாதம் சம்பளம், வேதிப்பொருள், பராமரிப்பு ஒப்பந்தம், ஆண்டுதோறும் பயிற்சி ஆகியவற்றில் ரிப்பன் வெட்ட எதுவும் இல்லை. அதனால் அவை கடைசி வரிசைக்குப் போகின்றன.

பயிற்சியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதுதான் பேசப்படாமல் கிடக்கிறது. 2011இல் புதிய சட்டம் வந்தபோது, பழைய சட்டத்தின் உணவு ஆய்வாளர்களே புதிய பதவியின் வேலையைப் பார்க்க விதிகள் இடம் கொடுத்தன. பழைய வேலை, பாலில் தண்ணீர், மிளகாய்த் தூளில் செங்கல் பொடி என்று கலப்படம் பிடிப்பது. புதிய வேலை வேறு மாதிரியானது: கலப்படமே இல்லாத நல்ல கோழியும் ஆளைக் கொல்லும் என்று அறிந்து, ஒரு சமையலறையின் ஓட்டத்தைப் படிப்பது. பச்சைக் கறி எந்த வழியாக உள்ளே வருகிறது, வெந்தது எந்த வழியாக வெளியே போகிறது, இரண்டும் எந்த மேசையில் சந்திக்கின்றன என்று பார்க்கத் தெரிய வேண்டும்.

இது தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதை பிரிட்டன் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்துக் கற்றது. 2005 செப்டம்பரில் தெற்கு வேல்சில் பள்ளிகளுக்கு வெந்த இறைச்சி வழங்கிய ஒரு கசாப்புக் கடையிலிருந்து ஈ.கோலை ஓ157 பரவியது. 157 பேருக்கு நோய். 5 வயதுச் சிறுவன் இறந்தான். அந்தக் கடையில் பச்சை இறைச்சிக்கும் வெந்த இறைச்சிக்கும் ஒரே வெற்றிடப் பொதி இயந்திரத்தைப் பயன்படுத்தியிருந்தார்கள். உள்ளாட்சியின் ஆய்வு அலுவலர்கள் அந்தக் கடைக்குப் போகாமல் இல்லை, பலமுறை போயிருந்தார்கள். போனவர்கள் கடையின் பாதுகாப்புத் திட்டத் தாள்களை உரிய முறையில் எடைபோடவில்லை. அந்த இயந்திரம் காட்டிய ஆபத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. பேராசிரியர் ஹியூ பென்னிங்டன் தலைமையில் நடந்த விசாரணை 2009இல் அறிக்கை கொடுத்தபோது, கடைக்காரரின் குற்றத்தோடு இந்தக் கண்காணிப்புக் குறையையும் வெளிப்படையாக எழுதியது. பட்டம் பெற்ற, முறையாக வேலை பார்த்த அலுவலர்களுக்கே இது தவறிப்போனது என்றால், சில வாரப் பயிற்சியோடு ஓர் ஒன்றியத்தை ஒப்படைக்கப்பட்டவரிடம் நாம் எதை எதிர்பார்க்கிறோம்?

நம்மூரில் சரியாக நடந்ததும் உண்டு. 2024 பிப்ரவரியில் புதுச்சேரியிலும் பிறகு தமிழ்நாட்டிலும் பஞ்சுமிட்டாயில் ரோடமின் பி என்ற துணிச்சாயம் இருப்பதை உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் கண்டுபிடித்தார்கள். மாதிரி ஆய்வுக்கூடம் போனது, உறுதியானது, தடை வந்தது. எந்தப் பிள்ளையும் சாகும் வரை காத்திருக்கவில்லை. கண், கருவி, ஆய்வு, முடிவு என்ற வரிசை அப்படியே இருந்தது. அடுத்த ஆண்டு கோடையில் தர்பூசணி விஷயத்தில் அந்த வரிசை தலைகீழானது. சாயம் ஏற்றிய பழம் பற்றி உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் விடுத்த எச்சரிக்கை வீடியோவாகக் கைபேசிகளில் பரவியது; மக்கள் பழம் வாங்குவதையே நிறுத்தினார்கள்; விவசாயிகள் வயலில் பழத்தை வைத்துக்கொண்டு அழுதார்கள். ஆய்வு முடிவுக்கு முன்னால் அச்சம் ஓடக் கூடாது என்பதும், எவ்வளவு தெரியும் எவ்வளவு தெரியாது என்று மக்களிடம் அளந்து பேசுவதும் பயிற்சியால் வரும் திறமைகள். அலுவலரைத் திட்டிவிட்டு நகர்ந்த நாம், அவருக்கு அதை யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்கவில்லை.

ஆளும் அறிவும் குறைந்த அமலாக்கம் ஏழையின் மேல்தான் விழும். தள்ளுவண்டிக்காரரின் சட்டியைக் கவிழ்ப்பது ஐந்து நிமிட வேலை, படம் நன்றாக வரும். பெரிய ஆலைக்குள் போய்க் குளிர்பதனப் பதிவேட்டைப் படித்து, தண்ணீர் ஆய்வு அறிக்கையின் தேதியைச் சரிபார்த்து, பொய்யைக் கண்டுபிடிக்க ஒரு நாள் ஆகும், படிப்பும் வேண்டும். சிறு வியாபாரிகள் ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டிப் பதிவு செய்துகொள்ளலாம் என்று வைத்தார்கள். அந்த 100 ரூபாய்க்குப் பதிலாகத் தள்ளுவண்டிக் கடை போட்ட ஓர் அம்மாவுக்குக் கிடைத்தது ஒரு தாள். கை கழுவத் தண்ணீர் வசதி, மாவை எவ்வளவு நேரம் வெளியில் வைக்கலாம் என்ற அரைமணி நேரப் பாடம், ஒரு வெப்பமானி ஆகியவற்றைக் கொண்டுபோய்க் கொடுக்கும் அலுவலர் வந்திருந்தால் அவர் கடையும் பிழைக்கும், சாப்பிட்டவரும் பிழைப்பார்.

இன்னொன்றையும் பகுத்தறிவு பேசுபவன் மறைக்கக் கூடாது. இந்தச் சட்டத்தில் உணவு வணிகம் என்பது இலாபம் கருதியதோ கருதாததோ, பொதுவோ தனியாரோ எல்லாவற்றையும் உள்ளடக்கும். கோயில் அன்னதானம் அதில் வரும். தர்கா கந்தூரி வரும். மாதா கோயில் திருவிழாச் சோறு வரும். கட்சி மாநாட்டுப் பிரியாணியும் வரும். பத்தாயிரம் பேருக்கு இரவே சமைத்து மறுநாள் மதியம் வரை அண்டாவில் மூடிவைத்த உணவில், யார் பெயரைச் சொல்லிப் பரிமாறினாலும் பேசில்லஸ் பேதம் பார்ப்பதில்லை. ஆனால் அந்த அண்டாவுக்குள் வெப்பமானியைச் செருக எந்த ஒன்றிய அலுவலருக்குத் துணிவு வரும்? மேலதிகாரி துணை நிற்பார் என்ற உறுதி இல்லாதவருக்கு வராது. மூட நம்பிக்கையைக் கண்டிக்கும் நாம் நம் கூட்டத்து அண்டாவை முதலில் சோதிக்கக் கொடுக்க வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, கெட்ட உணவால் ஆண்டுக்கு 60 கோடிப் பேர் நோயுறுகிறார்கள், 4,20,000 பேர் சாகிறார்கள். அதில் 1,25,000 பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். நம்மிடம் இந்தச் சாவுகளுக்கு வேறு பெயர்கள் உண்டு: "வயித்தால போச்சு", "ஒத்துக்கல", "ஆயுசு அவ்வளவுதான்". விதி என்று எழுதிய கணக்கில் பாதி, நிரப்பப்படாத பணியிடம், வாங்கப்படாத கருவி, நடத்தப்படாத பயிற்சி வகுப்பு என்று நான் நினைக்கிறேன். ஒரு சிறுமியின் சாவுக்குக் கடைக்காரரைக் கைது செய்கிறோம், சரி. அந்தக் கடைக்கு அனுப்ப ஆள் வைக்காதவர்களுக்கும், அதற்கு வரிப்பணத்தைக் கேட்காத நமக்கும் அந்தச் சாவில் பங்கு இல்லையா? இருக்கிறது என்பதே என் முடிவு.

ஆகவே வாசகரிடம் ஒரு வேண்டுகோள். 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி உங்கள் மாவட்ட நியமன அலுவலர் அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதுங்கள். மாவட்டத்தில் அனுமதிக்கப்பட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, அவர்கள் கடைசியாகப் பயிற்சி பெற்ற தேதி எது, எண்ணெய் அளக்கும் கருவியும் வெப்பமானியும் எத்தனை பேரிடம் உள்ளன, சென்ற ஆண்டு எடுத்த மாதிரிகளில் எத்தனைக்கு 14 நாளில் அறிக்கை வந்தது என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வந்த பதிலை அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று வாசியுங்கள். நகரத்தில் இருந்தால் உங்கள் வார்டு உறுப்பினரிடம் கொடுங்கள், ஓட்டுக் கேட்டு வருபவரிடம் காட்டிப் பேசுங்கள். அடுத்த சிறுமி சாவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.